ஞாயிறு காலை திறந்த கடிதம்

அமெரிக்காவைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அரை மணி நேரம் கைபேசியில் குரல் பதிந்து, டென்மார்க்கில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களின் குழுவில் போடுவேன். ரண்டர்ஸிலும் ஓல்போர்க்கிலும்கூட, சமைத்துக்கொண்டும் கார் ஓட்டிக்கொண்டும் அதைக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். நான் வலதுசாரி. அதை ஒருநாளும் ஒளித்ததில்லை. அரசாங்கம் வீட்டு வாசலோடு நிற்க வேண்டும், குடும்பமும் அயலும் செய்யவேண்டிய வேலையை அலுவலகங்களிடம் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்தின் மேல் வாஷிங்டன் கண் வைத்த பிறகு, நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இரண்டு டேனிஷ்காரர், நான் அமெரிக்காவின் ஆள் என்று, என் மேசையில் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஞாயிறும் பேசினேன். கிரீன்லாந்து விஷயத்தில் அவர்கள் செய்வது அடாவடி, வரி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி என்றேன். இரண்டு பக்கத்தாலும் ஏச்சு விழுந்தது. ஏச்சு விழுந்தால் எனக்குச் சாப்பாடு இன்னும் ருசிக்கும்.

நான் வாய் ஓயாமல் சாடிய இன்னொன்று கணினி அரசாங்கம். இங்கே கொமூன, அதாவது நகரசபை, கடிதங்களைத் தபாலில் போடுவதை எப்போதோ விட்டுவிட்டது. எல்லாம் டிஜிட்டல் போஸ்டுக்குள் வந்து விழும். அதைத் திறக்க மிட்ஐடி என்ற அடையாளம் வேண்டும். கைபேசி சரிவராத வயதானவர்களுக்கு, இலக்கம் காட்டுகிற ஒரு சின்னக் கருவி கொடுப்பார்கள். அதை இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது என்பது சட்டம். எங்கள் ஆட்களோ வீட்டுத் திறப்பை அயலில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி, கருவியையும் கடவுச்சொல்லையும் என்னிடம் கொண்டுவந்து தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கேட்டு, இந்த மனிசனுக்கு விஷயம் தெரியும் என்று நம்பித் தந்தவர்கள். ஐந்து வீட்டுக் கருவிகள் என் மேசை லாச்சிக்குள் பெயர் ஒட்டிக் கிடந்தன. அந்த லாச்சியை இழுக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

அவற்றில் ஒன்று, அடுத்த கட்டடத்தில் இருந்த ஓர் அக்காவுடையது. எனக்கு உறவில்லை. இருபது வருடம் பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்து, முழங்கால் போன பிறகு வீட்டோடு நின்றவர். டேனிஷ் காதால் கொஞ்சம் விளங்கும், கண்ணால் வாசிக்க வராது. அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். பாரிசவாதம் வந்து பேச்சுப் போய், சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சுப் போனாலும் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் போகவில்லை. படியில்லாத கீழ்வீடு அது. பின்னேரம் மூன்று மணிக்கு அக்கா நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவிட, எங்கள் குடியிருப்பின் கிழவர்கள் மூன்று பேர் சீட்டுக் கட்டோடு வருவார்கள். அண்ணை விரலைக் காட்டியே ஏலம் கேட்பார், துரும்பைக் கவிழ்த்து வைப்பார். வாய் ஓயாத மற்ற மூன்று பேரையும் பேசாமலே தோற்கடிப்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அந்த மனிசன் காலையில் எழும்பினார் என்று அக்கா சொல்லுவார்.

அவர்களுடைய கட்டடத்தை இடிப்பது என்று முடிவானது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரே இடத்தில் செறிந்து இருக்கக் கூடாது என்பது மேலே போட்ட கொள்கை. இங்கத்தைய வலதுசாரிகள் பலர் அதற்குக் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்று அரசாங்கம் சொல்லத் தொடங்கினால் அது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். இதையும் குழுவில் விளாசினேன். விளாசியதோடு சரி. இடிபடும் வீடுகளில் இருப்பவர்களுக்கு மாற்று வீட்டுப் பட்டியல் வரும், அதிலிருந்து குறித்த நாளுக்குள் தெரிவுசெய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதே வளவுக்குள் எழும்பிய புதுக் கட்டடத்தில் படியில்லாத வீடுகள் கொஞ்சம்தான். அக்கா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"தம்பி, கடிதம் வந்த உடனே சொல்லும். அவருக்குக் கீழ்வீடு ஒண்டு வேணும். இந்த வளவுக்குள்ளையே."

அந்த ஞாயிறு காலை, அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றில் வாடகை வீடுகளைப் பற்றி எடுத்த ஒரு முடிவு என் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. பதிவுக்கு முன்னால் வழக்கம்போல ஐந்து வீட்டாரின் டிஜிட்டல் போஸ்ட் பெட்டிகளையும் வரிசையாகத் திறந்தேன். அக்காவின் பெட்டிக்குள் மாற்று வீடு பற்றிய கடிதம் இருந்தது. எட்டுப் பக்கம். திறந்து தலைப்பைப் பார்த்தேன். பேசி முடித்துவிட்டு ஆறுதலாக வாசிப்போம் என்று மூடினேன். அன்றைக்குப் பேச்சு நாற்பது நிமிடம் போனது. நகரசபை ஏழையின் வீட்டில் கை வைக்கும்போது கேட்க ஆளில்லை என்று நான் கத்தியதை இரண்டு பேர் எழுத்தில் போட்டுப் பரப்பினார்கள். பாராட்டு வந்துகொண்டே இருந்தது, நான் பதில் எழுதிக்கொண்டே இருந்தேன். அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தபோது புதுக் கடிதம் ஒன்றும் இல்லை. வாசித்த கடிதங்களோடு அது போய்ச் சேர்ந்திருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, உடுப்புத் தோய்க்கும் அறையில் அக்காவின் கட்டடத்துக்காரர் ஒருவர் ஈரத் துணியை உதறிக்கொண்டு சொன்னார்.

"எங்களுக்கு ரெண்டாம் மாடி கிடைச்சிட்டுது. அக்கா எதை எடுத்தவ?"

துணியை இயந்திரத்துக்குள் விட்டபடியே வீட்டுக்கு ஓடி, லாச்சியை இழுத்து, கடிதத்தைத் திறந்தேன். கடைசி நாள் போய் ஒன்பது நாள். பதில் தராதவர்களுக்கு நாங்களே ஒரு வீடு ஒதுக்குவோம் என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் போனேன், ஆனால் சொன்னது வேறு. "அக்கா, அவையின்ரை கம்பியூட்டரிலை பிழை. கடிதம் உங்களுக்கு வரவே இல்லை" என்றேன். வருடக்கணக்காகக் கணினியைத் திட்டிய வாய் என்பதால் பொய் தடங்கலில்லாமல் வந்தது. அக்கா பயந்துபோனார், ஆனால் என்னைச் சந்தேகிக்கவில்லை. நீர் இருக்கிறீர்தானே தம்பி, போய்க் கதைப்பம் என்றார். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்தேன். இடைப்பட்ட மூன்று இரவும் நான் நித்திரை கொள்ளவில்லை. கேவலம், அந்த ஞாயிறு கணினிப் பிழையால் தவிக்கும் ஒரு தமிழ்த் தாயைப் பற்றியும் பேசித்தான் வைத்தேன்.

வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் எங்களை இருத்தியது ஓர் இளம் டேனிஷ் பெண். சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள். அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அண்ணையின் உடம்பைப் பற்றிக் கேட்டாள். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"கீழ்வீடு ஒன்று இன்னும் இருக்கிறது, எடுத்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்றாள். "இவர் கடிதத்தைப் பார்க்கவில்லை என்று நான் எழுத முடிந்தால், அதை இவருக்கே கொடுக்கலாம்."

அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வென்றுவிட்டோம் என்று ஒரு கணம் நானும் நம்பினேன்.

அவள் திரையைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். கடிதத்தின் பெயர், பக்கத்தில் ஒரு திகதி, ஞாயிறு, காலை பத்து மணி சொச்சம், திறக்கப்பட்டது.

"திறந்திருக்கிறதே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இவர்தானா திறந்தது? வேறு யாராவது இவருடைய மிட்ஐடியைப் பாவித்திருந்தால், இவர் பார்க்கவில்லை என்று நான் எழுதலாம். வீடு கிடைக்கும். ஆனால் பாவித்தவரைப் பற்றி நான் மேலே அறிவிக்க வேண்டிவரும்." பிறகு யோசித்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள். "இணையம் முடியாதவர்களுக்கு விலக்கு இருக்கிறது. ஒரு படிவம் கொடுத்தால் கடிதமெல்லாம் தபாலில், காகிதத்தில் வரும். அதை ஏன் இவர் எடுக்கவில்லை?"

ஏன் எடுக்கவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா கேட்டவர். தம்பி, பழையபடி தபாலிலை வர ஏதும் வழியிருக்கோ? ஏன் அக்கா அந்தக் கரைச்சல், நான் இருக்கிறன்தானே என்று சொன்னவன் நான். காகிதம் அவருடைய கைக்கு வந்தால் யாரிடமாவது காட்டி வாசிப்பித்துக்கொள்வார். என் லாச்சியில் ஒன்று குறைந்துவிடும்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை, பொலிஸ், குழுவில் இருக்கிறவர்களின் வாய் எல்லாம் தலைக்குள் ஒன்றாக வந்து நின்றன. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்:

"அக்கா, கடிதம் ஞாயிற்றுக்கிழமை காலமை திறந்திருக்காம். ஆர் திறந்தது எண்டு கேக்கிறா. வேறை ஆரும் திறந்திருந்தா அவையை அறிவிக்க வேணுமாம்."

அக்கா திரையைப் பார்த்தார். எழுத்து வாசிக்க வராது, இலக்கம் வரும். திகதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். ஞாயிறு பத்து மணிக்கு நான் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேச உட்காருவேன் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என் மணிக்கட்டை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் நேராக, தன்னுடைய உடைந்த டேனிஷில் சொன்னார்: "நான். நான் திறந்தது. மறந்துபோனேன்."

"நிச்சயமாகவா?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அக்காதான் தலையாட்டினார்.

நான் வாய் திறந்திருந்தால் போதும். ஒரு வசனம். வாராவாரம் அரை மணி நேரம் ஊருலகத்துக்குப் புத்தி சொன்ன எனக்கு அந்த ஒரு வசனம் வரவில்லை. அவள் பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தாள். நகரத்தின் மறுபக்கம், லிஃப்ட் உள்ள நாலாம் மாடி. அண்ணை இப்போது அங்கேதான் இருக்கிறார். அந்த மூன்று கிழவர்களில் ஒருவர் பஸ் மாறி இரண்டு தடவை போய் வந்தார். பிறகு யாரும் போகவில்லை.

அன்றைக்கு வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். காற்று முகத்தில் அறைந்தது. அக்கா மேலங்கியைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார். நான் தொடங்கினேன்.

"அக்கா, நான்..."

"விடும் தம்பி" என்றார். "வீடு எங்கையாவது கிடைக்கும். உம்மை அவையள் பிடிச்சா, பிறகு எனக்கு ஆர் கடிதம் வாசிக்கிறது?"

கடிதம் தபாலில் வர ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதை நான் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கவில்லை. பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.