உம்மா வாய் திறந்த செவ்வாய்க்கிழமை

ஸலாம் சொல்லிவிட்டு நேரே என் கோபத்துக்கே வந்துவிடுகிறேன், சகோதரிகளே. கேட்ட துஆ ஏற்கப்பட்டதைப் பலரும் கண்ணீரோடு சொல்வார்கள். எனக்கு அது வராது. இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. கோபத்தோடு சொன்னாலும் இது சாட்சிதான்.

என் பெயர் இர்ஃபானா. மேலப்பாளையம். வாப்பா கத்தாரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார்கள். உம்மா பீடி சுற்றுகிறார்கள். நான் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு முடித்தவள். முதல் ஐந்து செமஸ்டரிலும் துறையில் நான்தான் முதலிடம். போன ஏப்ரலில், கடைசி செமஸ்டர் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கையில், காப்பியடித்தவள் என்று சொல்லி என் ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள்.

காப்பி! நானா!

நடந்தது இதுதான். மாடல் தேர்வில் நிர்வாகவியல் தாள். அதிகாரத்தை ஒப்படைத்தல் பற்றி விளக்கச் சொல்லி ஒரு பெரிய கேள்வி. நான் எழுதிய பதிலும் என் தோழி இசக்கியம்மாள் எழுதிய பதிலும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. உதாரணம்கூட ஒன்றே. எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த பதிவெண் என்பதால் தேர்வில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டார். எங்களை வகுப்பில் எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"யாரு யாரைப் பாத்து எழுதுனீங்க? ஒருத்தி ஒத்துக்கிட்டா இன்னொருத்தியை விட்டுருதேன்."

சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பேனாவின் மூடி உடைந்தது. இசக்கியோ வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றாள். அவள் மீதும் எனக்குக் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, எப்படி ஒரே பதில் வந்தது? அதற்கு நான் படிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

அஸர் தொழுதபின் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேர் மடியில் பீடித்தட்டை வைத்து உட்காருவார்கள். உம்மா, சித்தி முறையான சாச்சி, பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா. கை ஓயாது, ஆனால் காது சும்மாதான் இருக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போதிலிருந்தே அந்தக் காதுகளுக்குத்தான் நான் பாடம் நடத்துகிறேன். புத்தகத்தை ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்துச் சொல்லத் தொடங்குவேன். சாச்சி பொல்லாதவர். "அதுக்கென்ன இப்ப? யாருக்கு ஆவுது அது?" என்று நடுவிலே மறிப்பார். மைதீன் பாத்திமா, "வெளங்கல, மொதல்ல இருந்து சொல்லு" என்பார். மூன்று பேரும் "ம், சரி" என்று சொன்னால்தான் அந்தப் பாடம் முடிந்தது. ஒருவர் சொல்லவில்லை என்றாலும் மறுபடி ஆரம்பம். புத்தகத்தில் இருக்கிற கார் கம்பெனி உதாரணம் அவர்களிடம் செல்லாது. பீடியில் இருந்து உதாரணம் கொடுத்தால்தான் ஏறும். அந்த உதாரணத்தையும் பாதி நேரம் உம்மாதான் கொடுப்பார்கள். எல்லாரும் சரி சொன்னபின் அதே பதிலை ஒருமுறை கைபேசியில் பேசிப் பதிவு செய்வேன், பிறகு தாளில் எழுதிப் பார்ப்பேன். இவ்வளவுதான் என் படிப்பு. டியூஷன் இல்லை, கைடு இல்லை.

அந்தப் பதிவை இசக்கிக்கு அனுப்புவேன். அவள் விக்கிரமசிங்கபுரம், அப்பா நூல் மில்லில் வேலை. அங்கிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பஸ்ஸில் கல்லூரிக்கு வருவாள். போக வர அதையே காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவாள். என் கைபேசியில் இடம் கிடையாது, அனுப்பியதும் அழித்துவிடுவேன். அவள் வைத்திருப்பது அவள் அண்ணன் கைபேசி, கேட்டு முடித்ததும் அவளும் அழிப்பாள். காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.

இதைச் சொன்னால் தீர்ந்ததே என்பீர்கள். சொன்னேன். பேராசிரியர் சிரித்தார்.

"போன வருசம் பரிசளிப்பு விழாவுல மேடையில என்னம்மா சொன்ன? தனியா லைப்ரரியில உக்காந்து படிப்பேன், யார்கிட்டயும் பேசமாட்டேன்னு சொன்னேல்லா? இப்ப பீடிக் கதை சொல்லுத."

சகோதரிகளே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தேன். முதலிடம் பெற்றவளிடம் எப்படிப் படிக்கிறாய் என்று மைக்கை நீட்டினார்கள். கூட்டத்தில் கோட் போட்ட பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பீடித்தட்டு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. லைப்ரரி என்று பொய் சொன்னேன். கை தட்டினார்கள். அந்தப் பொய் ஒரு வருடம் கழித்து வந்து என் கழுத்தைப் பிடித்தது.

விசாரணை செவ்வாய்க்கிழமை, பெற்றோரோடு வரவேண்டும் என்றார்கள். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி. "நல்லாப் படிக்குத புள்ளைன்னு சொன்னாவளே, இதான் படிப்பா?" என்று ஒருத்தி எங்கள் வாசலில் நின்றே கேட்டாள். மாமி ஒருத்தர், "போதும்ளா படிச்சது, ஒரு கையில புடிச்சுக் கொடுங்க" என்று உம்மாவிடம் சொன்னார். உம்மா பீடி இலை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அதுகூட எனக்குக் கோபத்தைத்தான் மூட்டியது.

அந்தக் கோபத்தில் நான் செய்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. திங்கட்கிழமை உம்மாவிடம் சொன்னேன். "நாளைக்கு நல்லாக் கை கழுவிட்டு வாங்க, பீடித்தூள் வாடை அடிக்குது. அந்தப் புது புர்காவைப் போட்டுக்கிடுங்க. அங்கன வந்து வாயத் திறக்காதீங்க. நான் பேசிக்கிடுதேன்."

"சரிம்மா" என்றார்கள் உம்மா.

செவ்வாய் காலை ஸுப்ஹு தொழுதேன். துஆவுக்குக் கை ஏந்தினேன். அழுகை வரவில்லை. சண்டைதான் வந்தது. "யா அல்லாஹ், நான் யாரைப் பார்த்தும் எழுதவில்லை. உனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். மேடையில் பொய் சொன்னேன், அது என் தப்பு, அதற்கு என்னைப் பிடி. ஆனால் செய்யாத தப்புக்கு என் படிப்பைப் பறிக்காதே. நான் சொன்னால் இனி எவரும் நம்ப மாட்டார்கள். வேறு யார் வாயிலாவது உண்மையைப் போடு. இன்றைக்கே போடு." இப்படித்தான் கேட்டேன். அதட்டிக் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம். என் மனதில் இருந்த வாய் இசக்கியுடையது. அவளைப் பேச வைப்பான் என்றுதான் நினைத்தேன்.

முதல்வர் அறை. முதல்வர் அம்மா நடுவில், பேராசிரியர் பக்கத்தில், மேசையில் சிவப்புக் கோடு போட்ட இரண்டு தாள். இசக்கி அவள் அப்பாவோடு வந்திருந்தாள். நான் பேசினேன். பேசப் பேச, "லைப்ரரி, லைப்ரரி" என்று பேராசிரியர் குறுக்கே விழுந்தார். இசக்கி அழுதாளே தவிர ஒரு சொல் இல்லை. அப்போது அவள் அப்பா எழுந்தார். அந்த மனிதர் இரவு ஷிப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறி வந்தவர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், அம்மா, புள்ளை தெரியாம செஞ்சிருக்கும். மன்னிச்சு விட்ருங்க."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு! நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, கையை எறக்குங்க. தப்பு செய்யாத புள்ளைக்கு நீங்க எதுக்குக் கும்பிடுதீங்க?"

உம்மா!

நான் அவர்கள் புர்காவைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்கள். பேராசிரியர், "உங்க மக என்ன எழுதியிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியும்யா. அதிகாரத்தை ஒப்படைக்கிறது. நான் அஞ்சாம் கிளாஸ்தான், ஆனா இதை நாலு நாளு கேட்டிருக்கேன். எலைய நான் வெட்டுதேன். சுத்துததும் நான். நுனி மடக்குத வேலைய மைதீன் பாத்திமாகிட்ட கொடுக்குதேன். எப்படி மடக்கணும்னு அவ இஷ்டத்துக்கு விட்ருதேன். அது அதிகாரம். ஆனா பீடிக்கடையில செக்கர் கட்டைப் பிரிச்சு, நுனி சரியில்லன்னு கழிச்சார்னா அவளையா கேப்பாரு? என்னையத்தான் கேப்பாரு. கடைப் புஸ்தகத்துல எம்பேருதான் இருக்கு. வேலைய ஒப்படைக்கலாம், அதிகாரத்தை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. இதான எழுதியிருக்கு?"

முதல்வர் அம்மா தாளைப் பார்த்தார். வரிசை மாறாமல் அதுதான் இருந்தது. பேராசிரியர் விடவில்லை. "சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கா, மேடம்."

முதல்வர் அவரைக் கையமர்த்திவிட்டு, அவரிடமிருந்த பாடப்புத்தகத்தை வாங்கி வேறொரு பாடத்தைத் திறந்தார். "ஒரு ஆளுக்குக் கீழ எத்தனை பேரு வேலை செய்யலாம்மா?"

"அது வேலையப் பொறுத்தது. எல்லாரும் ஒரே வேலை, நல்லாப் பழகுன கைன்னா, ஒரு செக்கர் இருவது பேரைப் பாத்துக்கிடுவாரு. ஒருத்தி வெட்ட, ஒருத்தி சுத்த, ஒருத்தி புதுசுன்னு இருந்தா அஞ்சு பேருக்கே கண்ணு பத்தாது. இவ சாச்சி இதுக்கு ரெண்டு நாளு இவகூட மல்லுக்கட்டுனா."

உம்மா மேசையில் இருந்த தாள்களைக் காட்டினார்கள்.

"ரெண்டு புள்ளையும் ஒண்ணையொண்ணு பாத்து எழுதலம்மா. எங்க தட்டைப் பாத்து எழுதியிருக்கு. வேணும்னா எங்க மூணு பேரு மேல கேசு போடுங்க."

அதன் பிறகுதான் இசக்கி பயம் விட்டு வாயைத் திறந்து, பஸ்ஸில் கேட்டதை எல்லாம் சொன்னாள். முதல்வர் அம்மா சிவப்புக் கோடு போட்ட தாள்களில் மதிப்பெண் போடச் சொல்லி பேராசிரியரிடம் நீட்டினார். மறுநாள் இரண்டு பேருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். கடைசி செமஸ்டரிலும் முதலிடம் எனக்குத்தான். இசக்கி மூன்றாமிடம்.

பேராசிரியர் இன்றுவரை எங்களிடம் ஒரு வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லி இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மேல்தான். யார் வாயிலாவது போடு என்று கேட்டேனே, எந்த வாயில் போட்டான் பாருங்கள். திறக்காதே என்று நான் சொன்ன வாயில்.

அன்றைக்கு மேலப்பாளையத்துக்கு ஆட்டோவில் திரும்பும்போது உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதது அப்போதுதான். உம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "அழாத. அடுத்தவாட்டி எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு எழுதிக் கொடுத்துரு" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடப் பரிசளிப்பு விழாவில் அதே கேள்வியைக் கேட்டு அதே மைக்கை நீட்டினார்கள். மூன்று பேர் பெயரையும் சொன்னேன், பீடித்தட்டையும் சொன்னேன். இப்போது எங்கள் முன்னறையில் அஸருக்குப் பின் தெருவில் இருந்து நான்கு மாணவிகள் வந்து உட்காருகிறார்கள். சாச்சி அவர்களையும் மறிக்கிறார்.

சகோதரிகளே, படைத்த ரப்பிடம் கேளுங்கள். அழுகை வராவிட்டால் கோபத்தோடே கேளுங்கள், அவன் தாங்கிக்கொள்வான். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யாரைப் பேசாதே என்று சொல்லி வைத்திருக்கிறீர்களோ, அவர்களிடம் போய் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.