வேதமுத்து விட்ட ஒரு சொல்

வேதமுத்து காலமான செய்தியைப் பெரகலவிலிருந்து வந்த வண்டிக்காரர்தான் பதுளைக்குக் கொண்டுவந்தார். ஹல்துமுல்லையில் மகள் வீட்டில், காலையில் தேநீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லையாம். பதுளைக் கடைத்தெருவில் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பதினெட்டு வருடம் இங்கிலீஷ் மனு எழுதியவர்கள் நாங்கள். அவரிடம் மனு எழுதுவித்துக்கொண்ட உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவருடைய இங்கிலீஷில் ஒரு சொல் மிகையாக இராது. "அவன் வந்தான், அவன் கேட்டான், அவன் போனான்" என்று நான் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று 'ஹீ' போடுவேன். அவர் முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடிப்பார். "ஒரே ஆள் செஞ்சதுன்னா, ஆளை ஒருதரம் சொன்னாப் போதுங்க" என்பார். எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவர், அவர் மனுவைப் பார்த்துவிட்டு, இதை எழுதிய வெள்ளைக்காரர் யார் என்று கேட்டனுப்பியதுண்டு.

அவருக்கும் ஒருமுறை கை தவறியது. மாரியாயி என்ற தோட்டத்துப் பெண், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்காமல் தானாக வேலையை விட்டுப் போனதாக வழக்கு; அப்போது அதற்கு ஜெயில். எங்களிடம் வந்து நடந்ததைச் சொன்னாள்: "புள்ளைக்குக் காய்ச்சல்னு கங்காணிகிட்ட சொன்னேன். இனி வேலைக்கு வர வேணாம்னு சொன்னாரு." தமிழில் 'சொன்னேன்', 'சொன்னாரு' என்று வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும். இங்கிலீஷ் வினைக்கு அந்த வால் கிடையாது. வேதமுத்து, பழக்கத்தில், 'சொன்னாரு' என்ற இடத்தில் 'ஹீ'யை எழுதாமல் விட்டுவிட்டார். இனி வேலைக்கு வர வேண்டியதில்லை என்று மாரியாயியே சொன்னதாக ஆகிவிட்டது.

கோர்ட்டில் நீதவான் அதை வாசித்துவிட்டு, இவளே குற்றத்தை ஒப்புக்கொள்கிறாளே என்றார். பின்வரிசையில் இருந்த வேதமுத்து எழுந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டார். அவள் சரியாகத்தான் சொன்னாள், எழுதிய நான்தான் தவறினேன், விட்டுப்போன 'ஹீ' கங்காணியைக் குறிப்பது என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். நீதவான் கங்காணியைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி, தான்தான் வர வேண்டாம் என்றதாக ஒப்புக்கொண்டார். மாரியாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இத்தனை பேர் முன்னால் உங்கள் பேரைக் கெடுத்துக்கொண்டீர்களே என்று வாசலில் நான் கடிந்துகொண்டேன்.

"பேரு கெடக்குதுங்க. ஜெயிலு அந்தப் பொம்பளைக்கில்ல?" என்றார்.

அடுத்த வாரம் எங்கெங்கோ இருந்த தோட்டங்களிலிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள், தப்பை ஒத்துக்கொண்ட மனுக்காரர் எங்கே என்று விசாரித்துக்கொண்டு. அவர் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அந்த வழக்குக்குப் பிறகு, எழுதி முடித்த மனுவில் ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் விரல் வைத்து, "இதைச் செஞ்சது யாருங்க?" என்று வந்தவரிடமே கேட்பது அவர் வழக்கமாயிற்று. அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். இன்று காலை ஒரு கிழவரிடம் அதைக் கேட்டேன். நான் அடித்திருந்த ஒரு 'ஹீ'யைத் திரும்ப எழுதினேன்.