லயத்துக்கு இரண்டு அர்த்தம்

எனக்குப் பாட்டு வரும், பாட்டுக்குள் இருக்கிறவற்றின் பெயர்கள் வராது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் நிலைமை இதுதான். கொடைக்கானலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கும் ஆண்டுவிழாவுக்கும் பாடச் சொல்லிக்கொடுக்க என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"கவர்மெண்ட் பாட்டுப் பரீட்சை பாஸ் பண்ணி சர்டிபிகேட் கொண்டாந்துருங்க டீச்சர். இல்லேன்னா ஜூன்ல வேற ஆளைப் போட்டுருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வேறு ஆள் வந்தால் எனக்கு மிச்சம் பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டம்தான். அம்மா அங்கேதான் பழம் பறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடையை நானும் இடுப்பில் கட்டுவதா? செத்தாலும் மாட்டேன் என்று இருந்தேன்.

பரீட்சைக்கு ஒரு புத்தகம் உண்டு. சுருதி, ஸ்தாயி, லகு, திருதம் என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். ஸ்வரம் மேலே ஏறினால் ஆரோகணமாம், கீழே இறங்கினால் அவரோகணமாம். மலையில் குடியிருப்பவளுக்கு ஏறி இறங்குவதற்கு இத்தனை பெரிய பெயர்களா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

என்னிடம் கேள்வி கேட்டுப் படிக்கவைத்தவர் எங்கள் பள்ளித் தையல் டீச்சர். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சங்கீதம் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. மத்தியான இடைவேளையில் மிஷினை மிதித்தபடியே, புத்தகத்தை நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பார்.

"ஸ்தாயி எத்தனை?"

"மூணு. மந்திரம், மத்தியம், தாரம்."

"யா அல்லா! மந்திரம் போட்டாத்தான் தாரம் கெடைக்குமோ? அதான் எங்க அண்ணனுக்கு இன்னும் அமையல!"

"வெளையாடாதீங்கக்கா. கீழ்க்குரல், நடுக்குரல், மேல்குரல். அவ்வளவுதான். எனக்கு இங்க உசுரு போகுது."

"கோவிச்சுக்காத புள்ள. இனிமே ஒனக்கு இது மறக்குமா, சொல்லு?"

மறக்கவில்லைதான். இன்றுவரை மறக்கவில்லை.

எழுத்துப் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. வாய்மொழிக் கேள்விக்கும் பாடிக் காட்டவும் மதுரைக்குப் போக வேண்டும். வெள்ளனே பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, ஒன்றும் சாப்பிடாமல் போய்ச் சேர்ந்தேன். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் பேசினார்.

"எந்த ஊரும்மா?"

"பண்ணைக்காடுங்க ஐயா."

"பேச்சு கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?"

"நான் பொறந்தது சிலோன்லங்க, தேயிலைத் தோட்டத்துல. சின்ன வயசுல கப்பலேறி வந்துட்டோம்."

"ஓ" என்று தலையாட்டிவிட்டு அதே மூச்சில், "லயம்னா என்னம்மா?" என்றார்.

அவர் இன்னும் தோட்டத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். பரவாயில்லையே, இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று சந்தோஷம் வேறு.

"வீடுங்க ஐயா. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா காம்பரா இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பக்கத்துக் காம்பராவுல இருமுனா இங்க கேக்கும். மழைக்கு ஒழுகும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். வாசலில் காத்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, புத்தகத்து லயத்தையல்லவா கேட்டிருக்கிறார்! ஜூன் மாதமும் காப்பிக் கூடையும் கண்முன்னால் வந்து நின்றன. கோபமும் வந்தது. எனக்குப் பயம் வந்தால் பின்னாலேயே கோபமும் வந்துவிடும்.

"நான் சொன்னதுல தப்பு இல்லைங்க. நான் பொறந்தது அதுலதான். பாட்டுல உள்ள லயத்தைக் கேட்டா அதையும் சொல்றேன். காலம் கூடாம, கொறையாம, ஒரே சீரா நடக்குறது லயம். விளம்பம், மத்திமம், துரிதம்னு மூணு இருக்கு" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"சரிதாம்மா. ஆனா இப்ப நீ சொன்ன வேகம் அந்த மூணுலயும் சேராதே" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு. "தண்ணியக் குடிச்சிட்டு நிதானமாப் பாடு."

பாடினேன். தாளம் தப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெளியே வந்தபோது எல்லாம் போச்சு என்றே தோன்றியது.

நேராகப் பண்ணைக்காட்டுக்குப் போனேன். விடிந்ததும் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா எனக்குத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நீ சரியாத்தானே சொல்லியிருக்க? பின்ன லயம்னா என்னவாம்?"

தொடையில் தாளம் தட்டிக் காட்டினேன். அம்மா பார்த்தார். "ஒரே பேரை ரெண்டுக்கு வச்சது அவங்க குத்தம். நீ ஏன் அழுவுற? குடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பாஸாகிவிட்டேன். சேதி கேட்ட தையல் டீச்சர் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். நான் என்னவோ பெரிய வித்வான் ஆகிவிட்டதுபோல் அந்த நிமிஷம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஜூனில் வேறு ஆள் வரவில்லை.

தாளம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதினேன். லயம்: ஒன்று, தோட்டத்து வரிசை வீடு. இரண்டு, காலம் ஒரே சீராக நடப்பது. நான் பிறந்தது முதல் லயத்தில் என்றும் சொன்னேன். சிலோனிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மற்றப் பிள்ளைகளும் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

என் வேலையை நிரந்தரமாக்க ஆய்வாளர் ஒருவர் வந்து வகுப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. அவரும் எங்கெங்கோ சுற்றிவிட்டு அதே இடத்துக்குத்தான் வந்தார். "லயம்னா என்ன? யார் சொல்றீங்க?"

பஜாரில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவரின் மகள் எழுந்தாள். தேயிலைத் தோட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிள்ளை.

"ரெண்டு இருக்கு சார். ஒண்ணு எங்க டீச்சர் பொறந்த வீடு. இன்னொண்ணு எங்களுக்குச் சொல்லித் தர்றது."

ஆய்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை நான் அவளையே கைகாட்டினேன். அவர் மறுபடி அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.

"உக்காரும்மா" என்றார். "ரெண்டும் சரி."