நீலம் சிவக்காத மதியம்

பாவ்யுன் அக்கா எங்கள் கட்டிடத்தின் நான்காம் மாடியில் இருந்தாள். நான் மூன்றாம் மாடி. கீலுங் துறைமுக நகரின் மலைச்சரிவில் நிற்கும் பழைய கட்டிடம் அது, லிஃப்ட் கிடையாது. அவள் கணவர் திங்ஃபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பேச்சு போனது, விழுங்கவும் முடியாமல் போனது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்கியிருந்தார்கள். அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளுக்கும் பஞ்சு வைத்த உறை.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் அந்தக் குழாயில் பால் ஊற்ற வேண்டும். ஆகவே நான்கு வருடமாக அக்கா போன அதிகபட்ச தூரம், மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டி வரைதான். அங்கே பையோடு வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கும் அவளுக்கும் பேச்சு.

ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன்னால் குழாயிலிருந்து சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, நீல லிட்மஸ் தாளில் ஒரு சொட்டு விட வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸ் கே அப்படித்தான் பழக்கியிருந்தாள். "நீலம் சிவந்தா அது வயித்து அமிலம். குழாய் இருக்கவேண்டிய இடத்துல இருக்கு. சிவக்கலைன்னா ஊத்தாதீங்க. குழாய் எங்கே போயிருக்குன்னு தெரியாது, பால் நுரையீரல்ல எறங்கிடும்."

பெட்டியில் நீலத்தோடு சிவப்புத் தாளும் இருந்தது. அக்கா வீட்டில் இருந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தாள். அரிசிக்காடி நீலத்தைச் சிவப்பாக்கியது. சோப்புத் தண்ணீர் சிவப்பை நீலமாக்கியது; அது காரமாம். குடிதண்ணீரும் எச்சிலும் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டன. "வேற யார்கிட்ட பேசறது? காடிகிட்டயும் சோப்புகிட்டயும் பேசிட்டிருக்கேன்" என்றாள் ஒரு நாள் வரிசையில்.

செப்டம்பரில் புயல் வந்தது. அன்று காலை திங்ஃபு விடாமல் இருமியது எனக்குக் கீழே வரை கேட்டது. மதியம் இரண்டு மணிக்கு அக்கா உறிஞ்சி, சொட்டு விட்டாள். தாள் நீலமாகவே இருந்தது. அவரை இடப்பக்கம் புரட்டிப் படுக்க வைத்து, அரை மணி கழித்து மறுபடி பார்த்தாள். நீலம்தான்.

மெழுகுவர்த்தி கேட்டு நான் மேலே போனபோது அவள் நர்ஸோடு போனில் இருந்தாள். ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சல்.

"பாதையில மண் சரிஞ்சு கெடக்கு அக்கா. வழி திறந்ததும் வர்றேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஊத்தாதீங்க."

"புதுசா குடுத்த வயித்து மாத்திரையால அமிலம் கொறஞ்சு, தாள் சிவக்காமப் போகலாம்னு நீதானே சொன்னே?"

"போகலாம். குழாயே எடம் மாறியும் இருக்கலாம். பாக்காம எப்படிச் சொல்றது?"

ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டாள். "மூச்சு விடறாரா? விடறாருன்னா காத்திருங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அடுத்து தாய்ச்சுங்கிலிருந்து நாத்தனார் லீசியாங் கூப்பிட்டாள். "ஒரு துண்டுத் தாளை நம்பி எங்கண்ணனைப் பட்டினி போடுறீங்களா அண்ணி? ஒரு வேளைப் பாலால யாரும் சாகமாட்டாங்க. ஊத்துங்க."

"நீ வந்து ஊத்திட்டுப் போயேன்."

"இந்தப் புயல்லயா?"

"வெயில்லயும் நீ வந்ததில்லையே."

பசியில் திங்ஃபு உறைக் கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சமையலறையில் மெழுகுவர்த்தி தேடிவிட்டுத் திரும்பினால், அக்கா வெதுவெதுப்பான பாலைச் சிரிஞ்ச் நிறைய எடுத்துக் குழாயில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். குழாயை இன்னும் மடக்கிப் பிடித்திருந்தாள். விரலை விட்டால் போதும், பால் இறங்கிவிடும்.

"தாள் சிவந்துடுச்சா அக்கா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு சிரிஞ்சைக் கழற்றி, பாலைத் தொட்டியில் கொட்டினாள்.

அதைப் பற்றி அவளே பிறகு ஒரு நாள் சொன்னாள்: "என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் கையில வச்சிருந்தேன். மாத்திரையாலதான் சிவக்கலைன்னு நெனச்சேன்னு சொல்லியிருந்தா, யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்கமாட்டாங்க. அவரும் விடுபட்டிருப்பாரு, நானும் விடுபட்டிருப்பேன்." குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

விடியும்வரை ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் நர்ஸ் கே முழங்கால் வரை சேற்றோடு படியேறி வந்தாள். அவர் வாயைத் திறந்து டார்ச் அடித்தவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். இருமலில் குழாய் மேலே வந்து தொண்டையில் சுருண்டு கிடந்தது. அக்கா உறிஞ்சியதெல்லாம் எச்சில்தான்.

"ஊத்தியிருந்தா நேரா நுரையீரலுக்குத்தான் போயிருக்கும். நீங்க காப்பாத்திட்டீங்க."

அக்கா தலையசைத்தாள். புதுக் குழாய் இறக்கியதும் அவளையே சோதிக்கச் சொன்னாள் நர்ஸ். சொட்டு பட்ட இடம் சட்டென்று சிவந்தது. மெதுவாகப் பால் இறங்க, திங்ஃபு கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் குடும்பத்தில் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பேச்சு நடந்திருந்தது. இடமும் காலியாகியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. புயலுக்கு மறுவாரம் நான் மேலே இருந்தபோது லீசியாங் ஸ்பீக்கரில் பேசினாள். இந்த முறை அழுதாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. நான்னா ஊத்தியிருப்பேன். இல்லத்துல மட்டும் இவ்வளவு பொறுமையா யாரு பாப்பாங்க? நாங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். அண்ணன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குச் சொல்லிக்குடுங்க அக்கா. வியாழக்கிழமை நான் பாத்துக்கறேன். நீங்க கடற்கரைக்காவது போயிட்டு வாங்க."

"நீ நல்லவதான்" என்றாள். "ஆனா தாள் சிவக்கலைன்னா, அவரு தட்டற தட்டுக்கு நீ எரக்கப்பட்டு ஊத்திடுவே. நான் அங்க உக்காந்து அதையே நெனச்சிட்டிருக்கணும். அதுக்கு இங்கேயே இருந்துடலாம்."

திங்ஃபு அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தார்.