தொப்பி போட்ட வைரவர்

கல்யாணமாகி நான் புங்குடுதீவு மடத்துவெளிக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். மாமனாரின் குடும்பம் பராமரித்த பழைய சிவன் கோயில் எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லில் கட்டிய மிகச் சிறிய கோயில். நிமிர்ந்து போனால் வாசலில் தலை இடிக்கும். முன்மண்டபத்துக் கல்தூண்களில் என்ன செதுக்கியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. திருவிழாவுக்குத் திருவிழா அடித்த சுண்ணாம்பு அவ்வளவு தடிப்பாக மூடியிருந்தது.

வாசலோரத் தூணில் மட்டும் ஒரு குண்டு உருவமும் காலடியில் நாய் போல ஒன்றும் புடைத்துத் தெரிந்தன. நாய் இருந்ததால் அவர் வைரவர். வெள்ளிக்கிழமைகளில் மாமி அவருக்கு வடைமாலை சாத்துவார். என் கணவருக்குப் பெண் அமையாமல் இழுபட்ட காலத்தில் அவரிடம்தான் நேர்த்தி வைத்தாராம்.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் தூண்களைச் சுரண்டச் சொன்னார் மாமனார். ஒரு தூணில் அன்னமும் தாமரையும் வந்தன. இன்னொன்றில் வாய் பிளந்த யாளி. எல்லோரும் பூரித்துப்போனோம். வைரவரின் முறை வந்தபோது மாமி கற்பூரத் தட்டோடு நின்றார்.

முதலில் வெளிவந்தது ஒரு தொப்பி. பிறகு முறுக்கு மீசை, மார்பில் வரிசையாகத் தெறி பூட்டிய நீளச் சட்டை.

"இது எங்களை ஆண்ட ஒல்லாந்தன் எல்லே!" என்றார் மாமனார்.

கோயில் ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நாய் இருக்குத்தானே," என்றார் மெதுவாக.

"சப்பாத்தும் இருக்கு ஐயா! சப்பாத்தோட கோயிலுக்குள்ள நிக்கிறான்!"

"அப்ப எனக்குக் கலியாணம் பேசினது ஒல்லாந்தனோ?" என்று கேட்டார் என் கணவர். நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

உருவத்தைக் கொத்தி எடுக்கச் சொன்னார் மாமனார். மாமி தட்டோடு போய்த் தூணை மறித்தார். "ஆராயிருந்தாலும் நான் கேட்டதைத் தந்தவர். கொத்த விடமாட்டன்."

"கும்பிட ஏலாதப்பா, அவன் சிலுவை கும்பிடுற வேதக்காரன்!" என்றார் மாமனார்.

"இவ்வளவு காலமும் வடை சாப்பிட்டவர்தானே?"

கடைசியில் ஐயர்தான் வழி சொன்னார். தூண் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு சூலத்தை நட்டு அதை வைரவராகக் கும்பிடலாம் என்றார். மாமனாரும் ஓமென்று தலையாட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி இரண்டு மாலை கட்டினார். பெரியது சூலத்துக்கு. சின்னதைத் தொப்பிக்காரரின் கழுத்தில் போட்டார். மாமனார் முறைத்தார்.

"பழகின மனுசன். திடீரெண்டு பட்டினி போடலாமே?" என்றார் மாமி.

அந்த இரண்டாவது மாலைக்கு உளுந்து அரைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.