அந்த ஒரு ஃபைலுக்குள் மட்டும்

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் அது. மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்துவது அவள் வேலை. அவள் அழுத்தாமல் எதுவும் வெளியே போகாது.

அன்றைக்கு மேனேஜரே எழுதிக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை, எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓர் அவசரம், அவ்வளவுதான். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடம் ஒரு மாற்றம் கேட்டிருந்தது. ரத்தச் சர்க்கரை அறிக்கையில் புள்ளிக்குப் பின்னால் எண்கள் வேண்டாம், முழு எண்ணாக அச்சானால் போதும். மேனேஜர் குறுக்கு வழி பிடித்துவிட்டார். புள்ளி வைத்த எண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ‘கிளாஸ்’ என்ற விதித்தொகுப்பு ஒன்று, அவர்கள் எழுதும் கணினி மொழியோடே வருகிறது. அதையே திறந்து, அச்சுக்குப் போகும்போது முழு எண்ணாக்கிவிடு என்று உள்ளே இரண்டு வரி எழுதியிருந்தார்.

அவள் அந்த இரண்டு வரியையும் இன்னொரு முறை படித்தாள். அந்தக் கிளாஸ் பரிசோதனைக்கூடத்துக்கு மட்டும் சொந்தமா என்ன? புள்ளி வைத்த எண் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அதுதான். குழந்தைகள் வார்டின் மருந்துச் சீட்டு உட்பட.

“இதை விட முடியாது சார்.”

“சோதனையெல்லாம் பாஸ் ஆயிடுச்சேம்மா?”

“அறிக்கைக்கான சோதனை பாஸ் ஆச்சு. மருந்துச் சீட்டை யாரு பார்த்தா?”

“சீட்டுல நாம கையே வைக்கலையே!”

“எண்ணுல கை வச்சுட்டீங்களே சார். சீட்டுல இருக்கறதும் அதே எண்தானே?”

மேனேஜருக்கு முகம் சிவந்தது. “நான் சொல்றேன், அழுத்து.”

“சொல்றது நீங்க. அழுத்தற விரல் என்னோடது. மாட்டேன்.”

சுற்றியிருந்தவர்கள் திடீரென்று தத்தம் திரைகளில் மூழ்கிப்போனார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. நாளைக்கும் இதே பிடிவாதம் என்றால் அந்தப் பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். “என்ன, மூஞ்சி உர்ருனு இருக்கு?”

அவளும் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். “அத்தை, உங்களை நான் அத்தைன்னு கூப்பிடறேன். அதுக்காக உங்க பேரையே எல்லா இடத்துலயும் அத்தைன்னு மாத்திட்டா எப்படி இருக்கும்?”

“தபால்காரன் வாசல்ல நின்னு அத்தைன்னு கத்துவானா?”

“கத்துவான். மாமாவும் அப்படித்தான் கூப்பிடணும்.”

“அந்த மனுஷன் என்னை அத்தைன்னு கூப்பிடட்டும், அன்னிக்குச் சோறு கிடையாது!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதைத்தான் ஆபீஸ்ல பண்ணச் சொல்றாங்க. மாத்தறது தப்பில்ல அத்தை. எதுக்குள்ள மட்டும் மாத்தறோம்னு ஒரு வரம்பு வேணும்.”

“அப்ப விட்டுக்குடுக்காதே. வேலையை விட்டுப் போகச் சொன்னா சொல்லட்டும், நானும் வந்து நாலு கேள்வி கேக்கறேன்.”

மறுநாள் அவள் பொத்தான் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரியின் மருந்தாளுநரை வரவழைத்து, மேனேஜரின் மாற்றத்தைச் சோதனைக் கணினியில் போட்டு, அவர் கண் முன்னாலேயே மருந்துச் சீட்டுகளை அச்சடித்தாள். புள்ளி நாலு மில்லி என்று வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் நின்றது. அடுத்த சீட்டில் ஒன்று புள்ளி ஆறு, இரண்டாகியிருந்தது.

“இதென்ன, ஒரு குழந்தைக்கு வெறும் ஊசியைக் காட்டணும், இன்னொண்ணுக்கு அள்ளி ஊத்தணுமா?” என்றார் மருந்தாளுநர். மேனேஜர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உன் வழி என்ன?” என்று கடைசியில் கேட்டார்.

அவள் வழி இதுதான். மாற்றத்தைத் தனியாக எழுதி வைப்பது. எந்த ஃபைலுக்கு வேண்டுமோ அதன் தலையில் மட்டும் ‘இதைப் பயன்படுத்து’ என்று ஒரு வரி போடுவது. அந்த ஃபைலுக்குள் எழுதியவற்றுக்கு எண் புது மாதிரி நடக்கும். வெளியே பழையபடியே இருக்கும். அறிக்கை ஃபைலில் வரியைப் போட்டு ஓட்டினாள். அறிக்கை பழைய புள்ளியோடு வந்து விழுந்தது.

“பலிக்கலையே உன் வித்தை,” என்றார் மேனேஜர், கொஞ்சம் சந்தோஷமாகவே.

அவளுக்குக் காது சூடாயிற்று. எழுந்து போகாமல் வரி வரியாகப் படித்தாள். அறிக்கை ஃபைல் எண்ணைக் கணக்கிட்டு, அறிக்கையை அச்சடிக்கும் இன்னொரு ஃபைலிடம் கொடுத்துவிடுகிறது. எண் எழுத்தாக மாறுவது அங்கேதான். ஒரு ஃபைலில் போட்ட மாற்றம், அது கூப்பிடும் இன்னொரு ஃபைலுக்குள் நுழையாது. அவள் நம்பிய வேலி ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறது. அவள்தான் தப்பான இடத்தில் நட்டிருந்தாள். அச்சு ஃபைலின் தலைக்கு அந்த வரியை மாற்றினாள். அறிக்கையில் முழு எண் வந்தது. மருந்துச் சீட்டில் புள்ளி நாலு, புள்ளி நாலாகவே இருந்தது.

இப்போது எழுதியவள் அவள் என்பதால் அழுத்த வேண்டியவர் மேனேஜர். அழுத்தினார்.

வாரக் கூட்டத்தில் முதலாளி, வேலை தாமதமானதற்கு ‘ஒருவரின் பிடிவாதம்’ காரணம் என்று பெயர் சொல்லாமல் குத்தினார். அவள் எழுந்து நின்றாள்.

“அந்த ஒருத்தி நான்தான் சார். பூஜ்யம்னு வந்த அந்தச் சீட்டைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. இனிமேலும் இப்படி வந்தா இனிமேலும் தாமதம் பண்ணுவேன்.”

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவங்க சொல்றது சரிதான் சார்,” என்றார். அவள் உட்காரவில்லை. முதலாளி அடுத்த விஷயத்துக்குப் போகும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.