வேலிக்கு மேல் வந்த கை

காலை ஐந்தே முக்கால் மணி. பல் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போன நான் முதலில் பார்த்தது ஒரு கையை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. அடுத்த குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து சவுக்குக்குச்சி வேலிக்கு மேலாக வந்து, எங்கள் பூசணிக்கொடியில் ஒரு மஞ்சள் பூவைக் காம்போடு கிள்ளியது.

பிறகு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அத்தை. பூவின் இதழ்களை உரித்துப் போட்டாள். மிஞ்சிய தண்டை, அடியில் சிறு உருண்டையோடு மலர்ந்திருந்த வேறொரு பூவுக்குள் விட்டு, பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல மெதுவாகத் திருப்பினாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புடவையில் மஞ்சளாக ஒரு கீற்று இருந்தது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. அந்தக் கொடியில் அப்பாவின் மானம் படர்ந்திருந்தது. கோடை விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து வந்த பெரிய மாமா, எங்கள் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறைக்காமலே தண்ணி வருது. சும்மா மண்ணு கிடக்கு. ஒரு வெண்டைக்காய்க்கும் பையத் தூக்கிட்டுப் போறீரே மாப்ள." மாமா சொந்தக் கிணறு வைத்து வெள்ளாமை செய்பவர். அப்பா சுரங்கத்தில் மெக்கானிக். அதுவரை ஒரு விதையையும் மண்ணில் போட்டவரல்ல. இருந்தும், "தீபாவளிக்கு வாங்க. எங்க வீட்டுப் பூசணிக்காய்லதான் குழம்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

முதலில் கீரை. பொட்டலத்தில் இருந்த விதை முழுவதையும் ஒரே குழியில் கொட்டினார். அது ஜமக்காளம் மாதிரி முளைத்து, மூச்சுமுட்டி மடிந்தது. அடுத்தது வெண்டை. ஷிஃப்டுக்குப் போகுமுன் அப்பா தண்ணீர் ஊற்றுவார். அவர் ஊற்றியது தெரியாமல் அம்மா ஊற்றுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா ஊற்றுவாள். அது அழுகியது. பூசணி மட்டும் இத்தனையையும் தாங்கி வேலிவரை ஓடிற்று. தினமும் பூத்தது. கட்டைவிரல் அளவுக்குப் பிஞ்சு வரும். நாலாம் நாள் பழுத்து உதிரும்.

சேத்தியாத்தோப்புச் சந்தையில் விதை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார் அப்பா. பிறகு பூச்சிதான் காரணம் என்று முடிவு செய்து, வெள்ளைப் பூச்சிமருந்துப் பொடி வாங்கிவந்து சாயங்காலம்தோறும் இலை, பூ எல்லாவற்றிலும் தூவினார். ஒரு தேனீ, ஒரு வண்டுகூட நம் பக்கம் வருவதில்லை என்று தெருவில் பெருமையாகச் சொன்னார். அம்மா கண்ணேறு என்றாள். கரியும் சுண்ணாம்பும் புள்ளி குத்திய சட்டியைக் கம்பில் கவிழ்த்தாள். அக்கா என்னைச் சந்தேகப்பட்டாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். நான் நீட்டியதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள்.

இந்த நிலையில்தான் நான் கையைப் பற்றிச் சொன்னேன்.

"பூவுக்குள்ள என்னட்டி தடவுதா?"

"மஞ்சள் மாதிரி இருந்துச்சும்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கொடி அவ வேலிமேலேயே ஏறிக் கிடக்கு. இன்னைக்கு வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்தை கேட்டாளா? மனசுல கள்ளம் இல்லாதவ கேப்பால்ல?"

கேட்டிருந்தால் கண் வைத்துவிட்டாள் என்று அம்மா சொல்லியிருப்பாள். அது அந்த அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்துக்காரி, வேலி ஓரமாகவே பேசிப் பழகியவள். விலைவாசி, என் தலைப்பேன், தன் புருஷனின் நைட் ஷிஃப்ட் எல்லாம் பேசுவாள். கொடியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

என்னைக் காவல் வைத்தார்கள். அந்த வாரம் கை பலமுறை வந்தது. அதே வாரம் மூன்று பிஞ்சுகள் உதிராமல் நின்றன. எலுமிச்சை அளவாயின, பிறகு தேங்காய் அளவாயின. அம்மா சட்டியைக் காரணம் சொன்னாள். அப்பா பொடியைச் சொன்னார். அக்கா என் விரல் மடங்கியதைச் சொன்னாள். ஆனால் கையின் மேல் இருந்த சந்தேகம் கூடியது. இப்போது பறிபோக ஏதோ இருந்தது அல்லவா.

ஒருநாள் அத்தை துணி காயப்போடும்போது அம்மா கொடியைப் பார்த்துப் பேசினாள். "ஊரான் கொடியில வாய் வைக்கிற ஆட்டுக்குக் கால ஒடிக்கணும்."

"ஆடு எதுவும் வர்லியேக்கா. நான் இங்கதான நின்னுகினு இருக்கேன்."

"வந்த ஆட்டுக்குத் தெரியும்."

அத்தை கையிலிருந்த ஈரத்துணியை மறுபடி வாளியில் போட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பழைய இரும்புக் கடையில் தேய்ந்த கன்வேயர் பெல்ட் துண்டுகள் வாங்கிவந்து, வேலி நெடுக ஆள் உயரத்துக்குக் கட்டினார். சுரங்கத்தில் மண் சுமந்த ரப்பர்; விரல் கனம், கன்னங்கரேல் என்றிருந்தது. அதற்கு மேலாக எந்தக் கையும் வர முடியாது.

தீபாவளிக்கு மாமா வந்தார். "சந்தையில வாங்கிக் கொடியில கட்டி வைக்கலையே மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே காம்பைக் குனிந்து சோதித்தார். குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்பா அன்று முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

முதல் காயை அறுத்தால் அக்கம்பக்கத்துக்குக் கீற்று கொடுக்காமல் இருக்க முடியாது. அத்தைக்குரிய கீற்றை அம்மா மெலிதாக அரிந்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். அத்தை அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். எங்கள் வீட்டுப் பூசணி அவளுக்குப் பரங்கி.

"நல்ல பரங்கி. மூணும் முத்திடிச்சா பாப்பா?"

வந்து சொன்னேன். அம்மா அக்காவைப் பார்த்தாள். "கேட்டியா? எண்ணிட்டேல்லா இருந்திருக்கா."

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வண்டு வராத இடத்தில் மகரந்தத்தைக் கையால் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பது எனக்கு எட்டாம் வகுப்பில்தான் பாடமாக வந்தது. அதற்குள் அவர்கள் வேறு பிளாக்குக்கு மாறிப் போயிருந்தார்கள்.

அந்தக் கொடி பொங்கல் வரை தினமும் பூத்தது. பெல்ட் கட்டிய பிறகு ஒரு காயும் பிடிக்கவில்லை.